கடன் வேண்டாம், கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

கேள்வி: நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். வயது 26. பி.ஏ. அரசியல் அறிவியல் தமிழ் வழியில் படித்தேன், எம்.ஏ. ஆங்கில வழியில். 71 சதவீத மதிப்பெண். எம்.ஏ. முடித்ததிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. 2024 முடியும்வரை ஊராட்சித் தலைவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கும் பட்டியல் சாதித் தலைவர்களுக்கும், நிர்வாகப் பயிற்சி கொடுத்தேன். அவர்கள் பதவிக்காலம் முடிந்த பிறகு அதே நிறுவனத்தில் அறிக்கை எழுதும் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் அரசியல் அறிவியலில் பிஎச்.டி. படிக்க ஆசை. ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். நேராக பிஎச்.டி. கிடைக்காது, முதலில் ஒரு மாஸ்டர்ஸ் படிக்க வேண்டும், 45 லட்சம் ஆகும், வீட்டை அடமானம் வைத்தால் வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்கிறோம், விண்ணப்பத்தோடு வைக்கும் எஸ்.ஓ.பி.யும் (நோக்க அறிக்கை) நாங்களே எழுதித் தருகிறோம் என்கிறார்கள். அப்பா சரி என்கிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு உண்டா? பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது? நம்ம ஊர் ஊராட்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அமெரிக்கா போவது பொருத்தம்தானா?

– ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வீட்டுப் பத்திரத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று முதலில் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

நான் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அரசியல் அறிவியல் துறையில் பாடம் நடத்துகிறேன். பிஎச்.டி. சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நேராக பிஎச்.டி. கிடைக்காது என்பது தவறான தகவல். அமெரிக்காவில் இந்தத் துறையின் பிஎச்.டி.க்கு மாஸ்டர்ஸ் கட்டாயம் இல்லை. நான்கு வருடப் பட்டம் முடித்த இளைஞர்கள் நேரடியாக வந்து சேர்கிறார்கள். நம் மூன்று வருட பி.ஏ.வைத் தனியாகச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. ஆனால் உங்களிடம் எம்.ஏ.வும் இருப்பதால் அந்தச் சிக்கல் வராது.

பணம் எப்படி என்று கேட்பீர்கள். உருப்படியான துறைகளில் பிஎச்.டி. மாணவர் கட்டணம் கட்டுவதில்லை. பல்கலைக்கழகமே கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்கும். பதிலுக்கு இளநிலை மாணவர்களுக்கு டியூட்டோரியல் எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு உதவுவது போன்ற வேலைகளைச் செய்ய வேண்டும். ஐந்து, ஆறு வருடம் இப்படி ஓடும். தொகை இடத்துக்கு இடம் மாறும். சில மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 25,000 டாலருக்குள்தான் வரும். வசதியான தனியார் பல்கலைக்கழகங்களில் 45,000 டாலரைத் தாண்டும். எங்காவது இடம் கொடுத்து, பண உதவி இல்லை என்று சொன்னால், அதை நிராகரிப்பு என்றே எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி விலகிவிடுங்கள்.

மாஸ்டர்ஸ் கதை வேறு. பல பல்கலைக்கழகங்களுக்கு அது வருமானம் தரும் படிப்பு. மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் கிடைப்பதும் பெரும்பாலும் இதில்தான். பண உதவியுள்ள பிஎச்.டி.யில் அவர்களுக்குக் கிடைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் அதைப் பற்றி உங்களிடம் யாரும் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

சரி, வாய்ப்பு உண்டா? உண்டு, ஆனால் குறைவு. நல்ல துறைகளில் நூற்றுக்கணக்கானவர்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் பத்துப் பதினைந்து பேரைத்தான் எடுப்பார்கள். 71 சதவீதம் என்பதற்காக யாரும் உங்களை ஒதுக்க மாட்டார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் மதிப்பெண் முறை பழகியவர் ஒருவராவது குழுவில் இருப்பார். நாங்கள் விண்ணப்பத்தில் தேடுவது, இவரிடம் ஆராய்ச்சிக் கேள்வி ஒன்று இருக்கிறதா, அதற்கு விடை தேடும் வழி இவருக்குத் தெரியுமா, தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளும் அறிகுறியாவது இருக்கிறதா என்பதை.

இந்த இடத்தில்தான் நம் ஊர் மாணவர்கள் சறுக்குகிறார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் பாடத்திட்டத்தில் அரசியல் அறிவியல் என்றால் பிளேட்டோ முதல் காந்தி வரையிலான சிந்தனையாளர்கள், அரசமைப்புச் சட்டப் பிரிவுகள், ஐ.நா. சபையின் உறுப்புகள். அமெரிக்கத் துறைகளில் அரசியல் கோட்பாடு ஒரு கிளை மட்டுமே. அமெரிக்க அரசியல், ஒப்பீட்டு அரசியல், சர்வதேச உறவுகள், ஆய்வு முறையியல் என்று மற்ற கிளைகள் உள்ளன. தமிழ்நாட்டு ஊராட்சியை ஆராய விரும்பும் நீங்கள் ஒப்பீட்டு அரசியலில் வருவீர்கள். அங்கே ஒரு நிகழ்வு ஏன் ஓரிடத்தில் நடக்கிறது, ஏன் இன்னோரிடத்தில் நடப்பதில்லை என்று கேட்டு, தரவுகளை வைத்து விடை சொல்ல வேண்டும். முதல் இரண்டு வருடம் புள்ளியியல் தலைக்குமேல் ஓடும். பயப்படாதீர்கள், பத்தாம் வகுப்புக் கணக்கோடு நின்றவர்களும் அதைக் கற்றுத் தேறியிருக்கிறார்கள். ஆனால் அது வரும் என்று தெரிந்தே வர வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாகச் சொல்லிக்கொள்ளாத விஷயம் உங்கள் வேலை. அதுதான் உங்கள் மூலதனம். ஒரு உதாரணம் சொல்கிறேன், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த உதாரணம்.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியின் காசோலையில் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. துணைத்தலைவரும் போட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு ஒதுக்கீடு கிடையாது. பட்டியல் சாதிப் பெண் ஒருவர் தலைவராக இருப்பார். ஊரின் ஆதிக்க சாதிக்காரர் ஒருவர் துணைத்தலைவராக வந்து உட்காருவார். தெருவிளக்குக்கு பல்பு வாங்கிய பில் மேசையிலேயே கிடக்கும், துணைத்தலைவர் கையெழுத்துப் போட மாட்டார். தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. கடைசியில் ஊர், "அந்தம்மாவுக்கு நிர்வாகம் தெரியல" என்று சொல்லும். நீங்கள் பயிற்சி கொடுத்த தலைவர்களில் எத்தனை பேர் இதைச் சொல்லி உங்களிடம் அழுதிருப்பார்கள்!

இதுவரை இது குமுறல். நியாயமான குமுறல். ஆராய்ச்சிக் கேள்வியாக இது மாறுவதற்கு நீங்கள் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். எல்லா ஒதுக்கீட்டு ஊராட்சிகளிலும் இப்படி நடப்பதில்லை அல்லவா? பக்கத்து ஊராட்சியில் அதே சாதிக் கணக்கு, அதே ஒன்றியம், ஆனால் தலைவர் நிமிர்ந்து நிர்வாகம் செய்திருப்பார். ஏன்? வார்டு உறுப்பினர்களில் அவர் பக்கம் எத்தனை பேர் என்பதாலா? துணைத்தலைவரும் தலைவரும் ஒரே கட்சி என்பதாலா? ஊராட்சிச் செயலாளர் உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்பதாலா? ஆதிக்க சாதிக்குள்ளேயே இரண்டு கோஷ்டி இருந்து, அதில் ஒன்று தலைவரோடு சேர்ந்துகொண்டதாலா? இந்த நான்கில் எது சரி என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? இதைத்தான் குழுவினர் படிக்க ஆசைப்படுகிறார்கள்.

உங்கள் மண்ணில் இந்தக் கேள்விக்கு ஆழமான வேர் உண்டு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, பத்து வருடம் ஒரு தலைவர் ஒழுங்காக நாற்காலியில் உட்கார முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். வெளிப்படையான வன்முறையிலிருந்து காசோலைக் கையெழுத்து வரை எதிர்ப்பின் வடிவம் எப்படி மாறியது என்று கேட்க உங்களைவிடத் தகுதியானவர் யார்?

ஊராட்சி இடஒதுக்கீடு பற்றிப் புகழ்பெற்ற ஓர் ஆய்வையும் பார்த்துவிடுங்கள். ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலுமாக 265 ஊராட்சிகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளை ஏறக்குறைய குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆகவே ஒதுக்கிய ஊரையும் ஒதுக்காத ஊரையும் நேரடியாக ஒப்பிட முடிந்தது. பெண் தலைவர்கள் இருந்த ஊர்களில் குடிநீர் போல அங்குள்ள பெண்கள் கேட்ட வசதிகளுக்கு அதிகம் செலவானது என்று காட்டினார்கள். உங்கள் கேள்விக்கு அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பட்டியல் சாதி ஒதுக்கீடு மக்கள்தொகை விகிதத்தைப் பார்த்துப் போடப்படுவது. ஒதுக்கிய ஊரும் ஒதுக்காத ஊரும் முதலிலிருந்தே வெவ்வேறு மாதிரியான ஊர்கள். இந்தச் சிக்கலை நீங்களே உங்கள் கட்டுரையில் எழுப்பி, அதை எப்படிச் சமாளிக்கலாம் என்று இரண்டு பத்தி எழுதினால், உங்களுக்கு ஆராய்ச்சி மனம் இருக்கிறது என்று படிப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

இதற்கான வாய்ப்பும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் உங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். பதவியில் இருக்கும்போது வாய் திறக்காத முன்னாள் தலைவர்கள் இப்போது பேசுவார்கள். ஐந்து வருடக் கணக்கில் பெரும்பகுதியை, ஊராட்சிக் கணக்குகளுக்கான மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பார்க்கலாம். ஓர் ஒன்றியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒதுக்கீட்டு ஊராட்சிகளுக்கு ஒரு அட்டவணை போடுங்கள்: துணைத்தலைவரின் சாதி, கட்சி, வார்டு உறுப்பினர்களின் அணி, வருடவாரியாகச் செலவான தொகை. நாலைந்து ஊர்களில் விரிவான நேர்காணல். தலைவரிடம் மட்டுமல்ல, கையெழுத்துப் போடாத துணைத்தலைவரிடமும் பேசுங்கள். பேசுகிறவர்களின் பெயரும் ஊரும் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அவர்கள் அதே தெருவில் வாழ வேண்டியவர்கள்.

இதை 25 பக்க ஆங்கிலக் கட்டுரையாக எழுதினால் அதுதான் விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய உங்கள் ரைட்டிங் சாம்பிள் (எழுத்து மாதிரி). எம்.ஏ. ஆய்வேட்டை அப்படியே அனுப்பாதீர்கள். "அறிமுகம், இலக்கிய மீளாய்வு, பரிந்துரைகள்" என்று அத்தியாயம் பிரித்து எண்பது பக்கம் போகும் ஆய்வேட்டை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. முதல் பக்கத்திலேயே கேள்வி தெரிய வேண்டும்.

எஸ்.ஓ.பி.யை மற்றவர் எழுதித் தருவது நேர்மைக் குறைவு, அதோடு பயனும் இல்லை. "சிறு வயதிலிருந்தே எனக்கு அரசியலில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் எஸ்.ஓ.பி. எங்கள் மேசைக்குக் கட்டுக் கட்டாக வரும். ரைட்டிங் சாம்பிளில் ஒரு குரலும் எஸ்.ஓ.பி.யில் வேறு குரலும் கேட்டால் உடனே தெரிந்துவிடும். இரண்டு பக்கத்தில் நீங்களே எழுதுங்கள். முதல் பத்தியில் அந்தக் காசோலைப் புதிர். அடுத்து, அதை எப்படி ஆராய்வீர்கள், இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள். பிறகு, இந்தத் துறையில் யாரிடம் எதற்காகக் கற்க வருகிறீர்கள். தமிழ் வழியில் படித்ததை மறைக்க வேண்டாம், அதற்காக வருத்தம் தெரிவிக்கவும் வேண்டாம். தமிழில் நேர்காணல் எடுக்கவும் அரசாணை படிக்கவும் தெரிந்த ஆய்வாளர் என்பது இங்கே பெரிய தகுதி. அதைப் பெற இங்குள்ளவர்கள் வருடக்கணக்கில் மொழி வகுப்புக்குப் போகிறார்கள்.

நம்ம ஊரை ஆராய அமெரிக்கா எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மார்கரீட் ராஸ் பார்னெட் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண்மணி சிகாகோ பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. படித்து, திராவிட இயக்கம் பற்றி எழுதிய நூல் 1976இல் வந்தது. அந்த இயக்கத்தைப் பற்றி எழுதுகிற யாரும் இன்றுவரை அதைத் தொடாமல் போக முடியாது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நரேந்திர சுப்பிரமணியன் தி.மு.க., அ.தி.மு.க. கட்சிகளைப் பற்றி எழுதியது 1999இல். தூரத்தில் இருந்து நல்ல வேலை செய்ய முடியும் என்பதற்கு இவை சான்று. அமெரிக்கா உங்களுக்குக் கொடுப்பது முறையியல் பயிற்சியும் நூலகமும் சம்பளத்தோடு ஐந்து வருட நேரமும். களப்பணிக்கு ஒரு வருடமாவது உசிலம்பட்டிக்குத்தான் திரும்ப வருவீர்கள். ஆனாலும், தமிழ்நாட்டு ஊராட்சியைப் பற்றிய கேள்விகளை அமெரிக்கத் துறைகளில் நிலவும் போக்குக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளும் அழுத்தம் அங்கே உண்டு. புள்ளியியலில் அடங்காத கேள்விகளைக் கைவிட்டுவிடுகிற மாணவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். ஜே.என்.யு., ஹைதராபாத் பல்கலைக்கழகம், அடையாறில் உள்ள சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றில் அந்த அழுத்தம் குறைவு. எனவே யு.ஜி.சி. நெட் தேர்வையும் எழுதுங்கள். அதன் வழியே ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அதை இரண்டாம் தர வழி என்று நினைக்காதீர்கள்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதைத் தரவரிசைப் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆட்களை வைத்து முடிவு செய்யுங்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தில் அசுதோஷ் வார்ஷ்னே, தமிழ்நாட்டையும் கேரளத்தையும் உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களோடு ஒப்பிட்டு நலத்திட்டங்களை ஆராய்ந்த பிரேர்ணா சிங், பென்சில்வேனியாவில் தாரிக் தாச்சில், யேலில் ஸ்டீவன் வில்கின்சன், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காஞ்சன் சந்திரா. இந்திய அரசியலை ஆராயும் இவர்களின் கட்டுரைகளை முதலில் படியுங்கள். பேராசிரியர்கள் இடம் மாறுவார்கள், விடுப்பில் போவார்கள், துறையின் பக்கத்தில் ஒரு முறை சரிபாருங்கள். பொறியியல் துறைபோல ஒரு பேராசிரியர் நினைத்தால் உங்களை எடுத்துக்கொள்ள முடியாது, குழுதான் முடிவு செய்யும். மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை என்று மனம் உடைய வேண்டாம். பெரிய பெயர்கள் நான்கு, நடுத்தர மாநிலப் பல்கலைக்கழகங்கள் நான்கு என்று வையுங்கள்.

காலம் நன்றாக இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க அரசு நிதியை வெட்டியதில் 2025இல் ஹார்வர்டு உள்படப் பல பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன. அந்த ஆண்டு மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாக நேரம் ஒதுக்குவதையே சில வாரம் நிறுத்தி வைத்தார்கள். அதனால் கனடாவையும் ஐரோப்பாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனடாவில் பொதுவாக மாஸ்டர்ஸ் முடித்தவர்களைத்தான் பிஎச்.டி.க்கு எடுப்பார்கள், அது உங்களிடம் இருக்கிறது. வியன்னாவில் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு பிஎச்.டி. இடம் கொடுக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் ஓர் எச்சரிக்கை: இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வுத் தலைப்புகளுக்கு அது கிடையாது என்று 2022-23 வழிகாட்டு நெறிமுறைகளில் சேர்த்தார்கள். உங்கள் தலைப்பு அதில் அடிபடும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டு விதிகளை வரி வரியாகப் படியுங்கள். விளிம்பு நிலை மாணவர்களுக்கான திட்டம் ஒன்று, விளிம்பு நிலை மக்களைப் பற்றிய ஆய்வுக்குக் கதவை மூடியதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

வேலை? நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் அமெரிக்காவில் குறைந்துகொண்டே வருகின்றன. பிஎச்.டி. முடித்தவர்களில் பலர் ஆய்வு நிறுவனங்களுக்கும் தரவு ஆய்வு வேலைகளுக்கும் போகிறார்கள். கடன் இல்லாமல் படித்திருந்தால் எதையும் தாங்கலாம். 26 வயது ஒரு பொருட்டே இல்லை, எங்கள் வகுப்பில் 35 வயதுக்காரர்களும் சேர்கிறார்கள்.

தேர்வுகள் பற்றிச் சுருக்கமாக. ஜி.ஆர்.இ. என்ற பொதுத் திறன் தேர்வைப் பல துறைகள் 2020க்குப் பிறகு கைவிட்டன, சில திரும்பக் கேட்கின்றன. ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் பாருங்கள். டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு உங்களுக்குத் தேவைப்படலாம். விண்ணப்பக் கட்டணம் ஒன்றுக்கு 75 முதல் 125 டாலர் வரை ஆகும், எட்டு இடம் என்றால் பெரிய தொகை. கட்டண விலக்கு கேட்டுத் துறை அலுவலகத்துக்கு எழுதுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை. கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் வாரத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதிக்குள் வரும். இடம் கிடைத்தால் வழக்கமாக ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் தருவார்கள். அதற்கு முன்பே பதில் சொல் என்று யாராவது அவசரப்படுத்தினால் பணிய வேண்டாம். புள்ளியியலுக்கு மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் ஒரு பாடம் எடுத்துத் தேர்ச்சிச் சான்று வாங்குங்கள். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், உங்கள் அட்டவணையை அதிலேயே போட்டுப் பழகுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். இரண்டு உங்களுக்குப் பாடம் நடத்தியவர்களிடமிருந்து வர வேண்டும். அதில் ஒருவர் எம்.ஏ. ஆய்வேட்டின் வழிகாட்டியாக இருந்தால் நல்லது. மூன்றாவது உங்கள் நிறுவனத்தில் உங்கள் எழுத்தைப் பார்த்தவர். எம்.எல்.ஏ., முன்னாள் துணைவேந்தர் என்று பெரிய மனிதர்களைத் தேடிப் போகாதீர்கள், உங்களைத் தெரியாதவர் எழுதும் புகழுரைக்கு மதிப்பில்லை. "நீயே எழுதிக் கொண்டுவாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லும் பழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. அப்போது சண்டை போட வேண்டாம். அவர் வகுப்பில் நீங்கள் எழுதிய கட்டுரை, நீங்கள் கேட்ட கேள்வி, களப்பணியில் செய்தது என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்து, புதிய கட்டுரையின் பிரதியையும் கையில் கொடுங்கள். "இதை வைத்து உங்கள் வார்த்தையில் எழுதுங்கள் சார், ஆங்கிலம் எளிமையாக இருந்தாலே போதும்" என்று கேளுங்கள். கடிதத்தை அவர்தான் தன் மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பின் வழியாக ஏற்ற வேண்டும், நீங்கள் ஏற்ற முடியாது. கல்லூரி முகவரியில் மின்னஞ்சல் இருந்தால் நல்லது. பல பேராசிரியர்களிடம் சொந்த ஜிமெயில்தான் இருக்கும். கல்லூரி அலுவலகத்தில் சொல்லி ஒரு முகவரி உருவாக்கித் தர வாரக்கணக்கில் ஆகலாம். இணைப்பு ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுவதும் உண்டு. ஆகவே நவம்பர் வரை காத்திருக்காமல் ஆகஸ்டிலேயே நேரில் போய்ப் பாருங்கள்.